வெயில் தாங்கும் டாங்கி

டிப்ளமோ முடித்த வருடம், அண்ணனின் இரண்டு ரிமோட் பொம்மை டாங்கிகளுக்கு அகச்சிவப்புக் கதிர் வீசும் விளக்கும் அதை உணரும் சென்சாரும் பொருத்தினேன். கதிர் பட்டால் எதிரி டாங்கி நின்றுவிடும். வீட்டுக்குள் நடந்த சண்டை வெளியில் நடக்கவில்லை. வெயிலில் சென்சாருக்குக் கதிர் தெரியவில்லை. முதலில் அதன் மேல் கறுத்த பிலிம் துண்டை ஒட்டினேன்; போதவில்லை. பிறகு மில்லில் நூல் சுற்றும் காகிதக் கோனை வெட்டிச் சென்சாரைச் சுற்றி மாட்டினேன். உச்சி வெயிலிலும் வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் நண்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். ரிமோட்டோடு முற்றத்தில் இறங்கினேன்.

"ஏட்டி, வெயில்ல நின்னு கறுத்துப் போகாத. அடுத்த வாரம் பொண்ணு பாக்க வாராவ," என்றாள் அம்மா. அண்ணன் ரிமோட்டை வாங்கிக்கொண்டான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரி டாங்கி சட்டென்று நின்றது.

"ஏலே, இந்த வெயில்ல எப்படிலே?" என்றான் ஒரு நண்பன்.

"சும்மா ஒரு கோன் மாட்டினேன்லே," என்றான் அண்ணன்.

அடுத்த வாரம் வந்தவர்களுக்கு என் நிறம் பிடித்திருந்தது.