மழை பெய்யாத நாளின் தண்ணீர்

மலைப்பாதையில் இத்தலார் ஊரைத் தாண்டியதும் பேருந்து நிற்கிறது. முன்னால் கேரட் ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு பழுதாகிக் கிடக்கிறது. இறங்கி நடக்கிறேன்.

சோலைக்காட்டு ஓரம், வெட்டவெளியில் வைத்த தகர டப்பாவை ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா எட்டிப் பார்க்கிறார். காலி. நேற்று முழுக்க மூடுபனிதான், மழை இல்லை.

ஓர் ஆராய்ச்சி ஆபீசுக்காக மழை அளப்பது அவர் வேலையாம். "வெளிய ஒண்ணு, மரத்தடியில ஒண்ணுங்க. உள்ள கொறச்சலாத்தான் விழும். அந்தக் கொறச்சல் எலையிலயே தங்கி, காத்தோட போயிருதுங்க. அதத்தான் கணக்குப் பாக்கறாங்க."

அவர் பின்னால் காட்டுக்குள் போகிறேன். மரத்தடி டப்பாவில் அரை டம்ளர் தண்ணீர் இருக்கிறது.

"மழையே இல்லையேங்க?"

"இந்த மிஸ்டு பனி எலையில படிஞ்சு சொட்டுதுங்க. முன்னால எங்க ஊட்டுக்காரருதான் இந்த வேலை பாத்தாரு. இப்படியே எழுதிக் குடுத்தாரு. மழை இல்லாத நாள்ல தண்ணி ஏது, ஊட்டுல உக்காந்து எழுதறியான்னு வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்க."

"இப்போ?"

"நானும் அதையே எழுதவும், புது ஆபீசரு நேர்ல வந்து பாத்தாருங்க. இதுக்குன்னே நோட்டுல தனிக் கட்டம் போட்டுக் குடுத்துட்டாரு."

"உங்க வீட்டுக்காரருக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்."

அம்மா தண்ணீரை அளந்து, கட்டத்தில் எழுதி, மரத்தடியிலேயே ஊற்றுகிறார்.

"அவரு செத்ததுக்கப்பறந்தான் நான் வேலைக்கு வந்தனுங்க," என்கிறார். "அன்னிக்கு நானும் அவர நம்பலைங்க."