கோப்பையில் இருந்தது என்னுடையதல்ல

மெயின்லேண்டிலிருந்து ஒரு தொழில்முறை கால்பந்து கிளப் அந்தமானில் போர்ட் பிளேருக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. மூன்று நாள் தேர்வு. வந்தவர்கள் நாற்பது பேர், எடுக்கப்போவது நான்கு பேர். எடுத்தால் ஒரு சீசனுக்கு ஒப்பந்தம், சம்பளம், தங்க இடம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை போனவன் நான்தான். இவ்வளவு படித்துவிட்டுப் பந்தின் பின்னால் ஓடுகிறானே என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாததாலேயே எனக்கு அந்த இடம் கிடைத்தாக வேண்டியிருந்தது.

முதல் நாள் காலை வந்ததும் பந்தைக் கண்ணில் காட்டவில்லை. கிளப்போடு வந்த பிசியோ ஒரு மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து, பெவிலியனுக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்கு அனுப்பினார். அங்கே சுவரில் ஓர் அட்டை. வெளிர் மஞ்சளில் தொடங்கிப் பழுப்பு வரை எட்டுக் கட்டங்கள். சிறுநீரை அதோடு ஒப்பிட்டால் உடம்பில் தண்ணீர் போதுமா என்று தெரிந்துவிடும். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். கடைசி மூன்று கட்டங்களுக்கு நேரே சிவப்பில் ‘அபாயம்’ என்று இருந்தது. மற்றவர்கள் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. எனக்குப் படிக்கத் தெரிந்ததுதான் வினை.

என் கோப்பையில் இருந்தது பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறம்.

அப்படித்தான் இருக்கும். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா பால் வெட்டினார். வெட்டிய பாலைச் சேர்த்து எடை போட்டுக் கொடுக்கும்வரை பச்சைத்தண்ணி தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வேர்வையோடு குடித்தால் நெஞ்சில் சளி கட்டும், கால் கனக்கும் என்பார்கள். வேலை முடிந்த பிறகு சூடாக ஒரு வெறுந்தேத்தண்ணி, அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு அங்கே கிணறுகள் உப்பாகிவிட்டன. கப்பலில் வந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம். பிறகு போர்ட் பிளேரில், புரோத்ராபூரில் ஒற்றை அறைக்கு வந்தோம். கோடையில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை. இப்படி வளர்ந்ததில் எனக்குத் தாகம் என்பது பெரிதாகத் தெரிவதில்லை. அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன். மற்றவர்கள் பாட்டிலைத் தேடி ஓடும்போது நான் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர் பக்கத்தில் நின்றான். மரைன் ஹில்லில் அரசு குவார்ட்டர்ஸ், அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. எந்நேரமும் பாட்டிலும் கையுமாக இருப்பான். பேச்சில் பாதி இந்தி, நண்பனைக் கூப்பிடும் ‘யார்’ வாய்க்கு வாய் வரும். என் கோப்பையை எட்டிப் பார்த்தான்.

“என்ன யார், டீக்கடை போட்டிருக்க?”

“அபாயம்னு போட்டிருக்குடா. என்னைக் கழிச்சுருவாங்க.”

“கொட்டு அதை. என்கிட்ட பகுத் இருக்கு, ரெண்டு பேருக்கு வரும்.”

“தப்பில்லையா?”

“கிட்னியா குடுக்கிறேன்? டென்ஷன் மத் லே.”

கொட்டினேன். அவன் தந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நல்லது மோனே” என்று பிசியோ என் பெயருக்கு நேரே டிக் போட்டார்.

பழுப்பு வந்தவர்களைக் கழிக்கவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அவர்களைத் தனியாக உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நிதானமாகக் குடிக்கச் சொன்னார். அவர்களுக்கு ஆட்டம் சாயங்காலம். டிக் வாங்கியவர்கள் நேரே வெயிலுக்கு.

முதல் பாதியில் நன்றாகவே ஆடினேன். இடைவேளையில் பாட்டில் வந்தபோது வழக்கம்போல வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டேன். இரண்டாம் பாதியில் பந்தை எடுத்துக்கொண்டு வலது ஓரமாக ஓடும்போது இரண்டு கெண்டைக்காலும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே போட்டார்கள். கிளப்பின் பயிற்சியாளர் நோட்டில் ஏதோ எழுதினார்.

பிசியோ என் பாதத்தைப் பிடித்து வளைத்தபடி யோசித்தார். “காலையில் அவ்வளவு தெளிவா இருந்த ஆளுக்கு இது வரக்கூடாதே. உள்ளே வேறு ஏதோ கோளாறு. ரத்தப் பரிசோதனை முடியாமல் உன்னை இறக்க மாட்டேன்.”

பரிசோதனைக்குப் போனால் மூன்று நாளும் போய்விடும். உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று இன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த மனிதர் என் காலைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சார், காலையில குடுத்தது என்னோடது இல்ல.”

அவர் கை நின்றது. “பின்னே யாருடையது?”

ஐஸ் பையோடு பின்னால் நின்ற கோல்கீப்பர் சொன்னான்: “என்னோடதுதான் சார். நல்ல சரக்கு.”

பிசியோ சிரிக்கவில்லை. பயிற்சியாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். நாள் முழுக்க நான் என்னென்ன குடிப்பேன் என்று கேட்டார். பால் வெட்டு வழக்கத்தையும் சொன்னேன்.

“அப்பா வேலை செய்தது மரநிழலில், விடியற்காலையில். நீ ஓடுவது பதினோரு மணி வெயிலில் மோனே. நீயே உண்மையைச் சொன்னதால் கோச் இன்னொரு வாய்ப்பு தருகிறார். நாளைக்கு உட்கார்ந்து தண்ணீர் குடி. மூன்றாம் நாள் பார்ப்போம்.”

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கோப்பை விஷயம் உட்பட. “ஆமா, நாங்க வெயில் ஏறுமுன்ன முடிச்சிருவோமே” என்றார். மறுநாள் வேலைக்குப் போகுமுன் பக்கத்துக் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாம் நாள் ஒவ்வொரு இடைவெளியிலும் குடித்தேன். வயிற்றில் தண்ணீர் குலுங்கியது, கால் பிடிக்கவில்லை. கடைசி விசில் வரை ஓடினேன்.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் நான்காவதாக என் பெயர் இருந்தது. எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை. முதல் மூன்று மாதம் தினமும் காலையில் பிசியோவின் முன்னிலையில் கோப்பையை நிரப்ப வேண்டும். கோல்கீப்பரின் பெயர் இல்லை. இரண்டு கோல் விட்டிருந்தான்.

“என் மூத்திரம் பாஸ், நான் ஃபெயில். நல்லா இருக்கு யார்” என்று என் முதுகில் தட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு நான் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மெயின்லேண்டில், கிளப்பின் பயிற்சி முகாமில் முதல் நாள் காலை. கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் பிசியோ முதுகைக் காட்டி நின்றார். வெட்கத்தில் எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

“அவசரமில்லை மோனே. சத்தம் கேட்டால் வரும்” என்று கையை நீட்டி வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டார்.

கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சீக்கிரம் முடித்தேன்.