வாளியின் அடி

மாலை ஐந்தே முக்கால். பள்ளியிலிருந்து வந்ததும் நான் முதலில் பார்த்தது குழாயடியில் இருந்த வாளியை. அப்பாவின் சாக்ஸ் அதில் ஊறிக்கொண்டிருந்தது. வாளியின் அடி தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலி; மூட்டை பிடிக்கும் இடத்தில் வேலை. தூசி ஷூவுக்குள்ளும் புகுந்துவிடும். சாக்ஸை ஊறப்போட்டால் தண்ணீர் சாம்பல் நிறமாகும். தினமும் அப்பாவே அலசிக் கொடியில் போட்டுவிடுவார். குதிகால் கிழிந்தால்தான் அது அம்மாவின் கைக்கு வரும். கிழிசலை அடிப்பக்கம் மறைத்து, இலவம்பஞ்சு அடைத்து, அம்மா அதை யானையாக்குவாள். சட்டைப் பொத்தான்தான் கண்.

டிவி மேல் நான்கு யானைகள் நின்றன. முதல் யானையின் சாக்ஸைச் சரியாக அலசவில்லை. ஐப்பசி ஈரத்தில் தும்பிக்கை கல்லாக இறுகிவிட்டது. அதைத் தூக்கிப் பார்த்த சித்தப்பா, "ஏன் அண்ணி, இத வச்சு சட்னி அரைக்கலாம் போலருக்கே" என்றார். "ஒங்க தலையிலதான் அரைக்கணும்" என்றாள் அம்மா. அப்பா அன்று நெடுநேரம் சிரித்தார்.

திங்கட்கிழமை பள்ளியில் கைவேலைக் கண்காட்சி. எனக்குப் புது யானை வேண்டும். என் நச்சரிப்பு தாங்காமல், அப்பா முந்தின நாள் கழற்றிப் போட்ட கிழிசல் ஜோடியை அம்மாவே எடுத்து ஊறப்போட்டிருந்தாள்.

வாளிக்குள் கையை விட்டுக் கலக்கினாள். கசக்கினாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எழுந்துபோய், அழுக்குத் துணியோடு கிடந்த அப்பாவின் சட்டையை எடுத்து உதறினாள். சாம்பல் பறந்தது. திரும்பவும் வாளியைப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒரே தண்ணியில அலசிடலாமா?" என்று கேட்டேன்.

அம்மா சட்டையை அழுக்குத் துணியோடு திரும்பப் போட்டாள்.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். தலையிலும் தோளிலும் சிமெண்ட் தூசி. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்: "அப்பா, ஒங்க சாக்ஸ்ல அழுக்கே இல்ல. எப்பவும் இப்படியே போட்டுக்கிட்டு வாங்கப்பா."

ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை.

"கைகால் கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்" என்றாள் அம்மா. "தலையில புளிய எல ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க."

ஒப்பந்தக்காரர் ஆட்களைக் குறைத்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. அப்பா காலையில் டிபன் கேரியரோடு கிளம்பி, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பொழுதைக் கழித்திருக்கிறார். திரும்பும்போது ஆலைச் சாலையில் இறங்கி, சிமெண்ட் லாரிகளின் தூசி படிந்த புளியங்கிளையைப் பிடித்துத் தன்மேல் உலுக்கிக்கொண்டிருக்கிறார். சாக்ஸை எப்போதும் தானே அலசுவதால், ஷூவுக்குள்ளும் தூசி வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குப் புரிந்தது, சாக்ஸ் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது மட்டும்தான்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா கிளம்பவில்லை. அம்மா ஊசியில் நூல் கோத்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தார். அதற்கு முன் அவர் அந்த வேலையைத் தொட்டதில்லை.

"எங்கண்ணன் கடையில கேக்கட்டுமா?" என்றாள் அம்மா. சிறுவாச்சூர் கோயில் பக்கம் மாமா தேங்காய், பழக் கடை வைத்திருந்தார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"இருக்குற மூஞ்சிய வச்சுக்கிட்டுதான். வெள்ளிக்கும் திங்களுக்கும் கூட்டம் தாங்கல, ஆளு வேணும்னு அதுவே சொல்லிச்சு."

அப்பா பஞ்சிலிருந்து ஒரு விதையைப் பொறுக்கி எறிந்தார். நான், காது சின்னதாக இருக்கிறது, பெரிதாக வை என்று அம்மாவிடம் சொன்னேன். பிரித்துத் தைத்தாள்.

திங்கட்கிழமை யானை என்னோடு பள்ளிக்கு வந்தது. அப்பா ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சிறுவாச்சூருக்குப் பஸ் ஏறினார்.