எண்ணெய் முள்ளும் ஒரு பிராதும்

முதலாளி அந்தக் காரைப் பாண்டிச்சேரியில் வாங்கியது எழுபதாம் ஆண்டு சித்திரையில். வைகாசி என்பார் அண்ணன். இல்லை. அண்ணன் காரை ஓட்டிக்கொண்டு வந்த அன்று எங்கள் வீட்டில் வருஷப் பிறப்பு மாங்காய்ப் பச்சடி மிச்சமிருந்தது. புளித்துப்போனதை அண்ணி கொட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டே பேர் உட்காரும், கூரையில்லாத பழைய ரேஸ் கார். செராமிக் பேட்டையில் வெள்ளை மண் ஏற்றிவரும் மாட்டுவண்டிகளுக்கு நடுவே அது வந்தால் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து பார்ப்பார்கள். அண்ணன் அதுவரை முதலாளியின் பீங்கான் கம்பெனியில் வேன் ஓட்டியவர். நான் அதே கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தா. முதலாளிக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முன்பலகையில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே வருவார். அமுக்கினால், பெட்ரோல் காட்டும் முள்ளே நகர்ந்து, என்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். வந்தவர்களிடமெல்லாம் அதை அமுக்கிக் காட்டுவார்.

மற்ற வண்டிகளில் ஆயில் பார்க்க ஒரு கம்பி இருக்கும். இதில் அது எப்போதோ தொலைந்து, ஓட்டையில் மரத்தக்கை அடித்திருந்தது. பொத்தானை விட்டால் வேறு கதியில்லை.

ஆனி மாதம் முள் இறங்கத் தொடங்கியது. அண்ணன் ஸ்டோரில் டின் வாங்கிப்போய் ஊற்றினார். ஏறியது போலக் காட்டிவிட்டு மறுபடி இறங்கியது. மறுபடி ஊற்றினார். ஆடி முடிவதற்குள் கார் நீலப்புகை கக்கிக்கொண்டு போனது. நிறுத்திய இடத்திலெல்லாம் தரையில் எண்ணெய்க் கறை.

"இதுல ஆயில் கொறையலீங்க, ஜாஸ்தி ஆயிருக்குது. அதான் பொகையுது, ஒழுவுது. முள்ளுதான் தப்பு" என்றார் அண்ணன்.

"வெள்ளைக்காரன் வெச்ச முள்ளு பொய் சொல்லுது, நீ நெஜம் சொல்ற. அப்படித்தான?"

அண்ணன் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை நிமிர்த்தி, கோடு போட்டு, தக்கையை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் விட்டு அளந்து காட்டினார். முதலாளி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"கோடு போட்டதும் நீ, படிக்கிறதும் நீ. ரொம்ப நல்லாருக்குப்பா." பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணன் ஓட்டுறான், தம்பி சாவி வெச்சிருக்கான். வெளில ஆயில் வாங்க லாரிக்காரன் நிக்கிறான். வேற இன்னா வேணும்?" என்றார்.

அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் அதைச் செய்யவில்லை. ஆவணி கடைசி வாரம் அண்ணனையே கார் ஓட்டச் சொல்லி மணவாளநல்லூர் போனார். கொளஞ்சியப்பர் சந்நிதியில், ஆயில் திருடுகிறவனுக்கு மூன்று மாதத்துக்குள் தண்டனை தரவேண்டும் என்று தாளில் பிராது எழுதி, சாமி முன்னால் வைத்து எடுத்து, முனியப்பர் சூலத்தில் கட்டிவிட்டு வந்தார். பேர் எழுதவில்லையாம். திரும்பி வரும்போது அவரே சொன்னார். "உன் பேரை எழுதலப்பா. திருடன் யாருன்னு சாமிக்குத் தெரியும். நீ ஏன் பயப்படுற?"

எங்கள் ஊர்ப் பக்கம் போலீஸில் எழுதிக் கொடுத்தால் சிரிப்பார்கள். கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டார்கள் என்றால் சோறு இறங்காது. மறுநாளே டீக்கடையில் ஒருவன் அண்ணனைக் கேட்டான்: "இன்னாண்ணே, ஒடம்பு கிடம்பு நல்லாருக்குதா?" கடையே சிரித்தது. அண்ணி பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் விடுவதை நிறுத்தினார்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி மூடியிருந்தபோது, முதலாளியை வைத்துக்கொண்டே அண்ணன் காருக்கு அடியில் படுத்து ஆயிலை இறக்கினார். வாளி நிறைந்தது. நான் ஓடிப்போய்க் களிமண் கரைக்கும் தொட்டி ஒன்றை இழுத்துவந்தேன். அதிலும் பாதி நின்றது. பிறகு முள்ளுக்குச் செய்தி சொல்லும் கருவியைக் கழற்றினார். கம்பி முனையில் எலுமிச்சம்பழம் அளவு பித்தளை மிதவை. ஆயில் மட்டத்தில் மிதந்து, மட்டம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்க வேண்டியது அது. காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே குலுங்கியது. சுடுதண்ணீரில் அமிழ்த்தினோம். விளிம்பில் ஓரிடத்திலிருந்து வரிசையாகக் குமிழி வந்தது. ஊசிமுனை ஓட்டை. அதன் வழியே ஆயில் உள்ளே போய், மிதவை கனத்துக்கொண்டே வந்து, கடைசியில் எவ்வளவு ஊற்றினாலும் அடியிலேயே கிடந்திருக்கிறது.

முதலாளி குனிந்து அந்தக் குமிழிகளை வெகுநேரம் பார்த்தார். "பாத்தியா, எம்மாஞ்சிறிய ஓட்டை!" என்று சந்தோஷப்பட்டார். மிதவையை அவரே பாத்திரம் பற்றவைக்கிற பாயிடம் கொண்டுபோய், உள்ளே இருந்த எண்ணெயை வடித்து, ஈயம் பூசி வாங்கிவந்தார். மாட்டினோம். முள் சரியாக நின்றது.

"முதலாளி, அந்தப் பிராது…" என்றார் அண்ணன்.

"அதான் நீ திருடலன்னு ஆயிப்போச்சே. அப்புறம் அது உன்ன இன்னா பண்ணும்?"

"வாபஸ் வாங்கிட்டா ஊர்ல பேச்சு நிக்குங்க."

"வாங்கலாம், வாங்கலாம்."

ஐப்பசி முழுக்க மழை. அண்ணன் மூன்று தடவை கேட்டார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இன்னும் கேட்டிருப்பார். போய் வாபஸ் வாங்கினால், தப்பாகக் கட்டினேன் என்று முதலாளி அங்கே பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டது மாதிரி. அதற்கு அவர் தயாராக இல்லை.

கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம், பேட்டரி இறங்கிப்போய், காரின் முன்னால் கைப்பிடி போட்டு என்ஜினைச் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. சுற்றும்போது அதைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜின் திருப்பி அடிக்கும். அண்ணன் பின்னால் தள்ளிவைத்துவிட்டுத்தான் முன்பக்கம் போனார். சீட்டில் உட்கார்ந்திருந்த முதலாளி அதை விளையாட்டாக முன்னால் தள்ளியதை ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நான் கத்துவதற்குள் கைப்பிடி எகிறி அண்ணனின் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு இரண்டாக முறிந்தது.

மூன்று மாதம் முடியவில்லை. ஊருக்கு வேறென்ன வேண்டும்? "கேட்டாரு, குடுத்துட்டாரு சாமி" என்றார்கள். மிதவையை நேரில் பார்த்த ஆட்களும் அதையே சொன்னார்கள். நெம்புகோலைப் பற்றி நான் பேட்டை முழுக்கச் சொன்னேன். கூடப்பிறந்தவன் வேறெப்படிச் சொல்வான் என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி ஒரு வாடகை டிரைவரோடு மணவாளநல்லூர் போய் பிராதை வாபஸ் வாங்கினார். தப்பாகக் கட்டியதற்காக இல்லை, பலித்துவிட்டதற்காக. பொங்கல் வைத்து, கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தார். அண்ணன் வீட்டுக்கும் ஒரு தொன்னையில் என்னிடமே கொடுத்தனுப்பினார்.

"கொண்டுபோய் மாட்டுக்கு வைங்க" என்றார் அண்ணி.

"சாமி இன்னாடி பண்ணுச்சு, குடு" என்று அண்ணன் வாங்கிக்கொண்டார். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இடது கையால் சாப்பிட்டார்.