எட்டுப் பேருக்கு நூறு வீதம்

அதிபர் ஹயாத்து முகம்மது ஒரு தாளை மேசையின் குறுக்கே தள்ளினார். தரம் பதினொன்றின் பதினான்கு பெயர்களும் அதில் இருந்தன. ஆறு பெயர்களுக்கு முன்னால் சிவப்புப் புள்ளி.

"இந்த ஆறு பேரும் இந்த முறை சாதாரண தரச் சோதின எடுக்கத் தேவல்ல டீச்சர். உம்மா வாப்பாமாரக் கூப்பிட்டு ஒப்பமும் வாங்கியாச்சி. கணக்குல பெயிலாகித்தான் வரப்போறாங்க. என்னத்துக்கு நம்மட பாஸ் வீதத்தக் கெடுக்கணும்?"

கணித ஆசிரியை நபீலா அந்தத் தாளைத் தொடவில்லை. கல்யாண வீட்டுச் சகன் சோற்றில் கிடந்த முடியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

கற்பிட்டி வீதியிலிருந்து களப்புப் பக்கமாக இரண்டு மைல் உள்ளே இருந்த அந்தச் சின்னப் பாடசாலைக்கு அவள் வந்து இரண்டு வருடம். தினமும் தில்லையடியிலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, மிச்சத் தூரம் நடப்பாள். அவள் வருவதற்கு முன் நான்கு வருடம் அங்கே கணிதத்துக்கு ஆளே இல்லை. விளையாட்டு ஆசிரியர் வந்து வாய்ப்பாட்டை எழுதச் சொல்லிவிட்டு, வெளியே போய் வலைப்பந்துக் கம்பத்துக்குச் சாயம் பூசுவாராம். அந்த நான்கு வருடமும் வலயக் கல்விப் பணிமனை ஆசிரியரை அனுப்பவில்லை. ஒரு ஸ்மார்ட் போர்டை அனுப்பியது. அதை நாடா வெட்டித் திறந்துவைத்தார்கள். அடுத்த மாதம் மின்னல் அடித்துக் கருகியது. கரும்பலகைக்குச் சோக்கட்டி கேட்டு நபீலா எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்த அழகில் வீதம் வேண்டுமாம் இவர்களுக்கு.

"சேர், இதுகள் பெயிலாகல்ல. நாலு வருஷமா ஆள் அனுப்பாதவங்கதான் பெயில்" என்றாள்.

"நீங்க கத பேசத்தான் சரி. வலயத்துல போய் பதில் சொல்றது நான்."

நபீலாவுக்கு இந்தச் சிவப்புப் புள்ளி புதிதல்ல. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. கிடுகுக் கொட்டிலில் படித்தாள். பிறகு ஊர்ப் பாடசாலையில் பின்னேர வகுப்பு. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'ஏ' எடுத்தாள். பெறுபேற்றுப் பலகையில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நீங்க அகதிப் பிள்ளைகள், வேற கணக்கு" என்றார்கள். அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பலகையைப் பார்த்துக் காறித் துப்பவேண்டும் போலத்தான் இருந்தது. அந்தக் குணம் இன்னும் போகவில்லை.

அன்று பின்னேரமே ஷம்லாவின் வீட்டுக்குப் போனாள். சிவப்புப் புள்ளியில் முதற்பெயர் அவளுடையது. தாய் றஹ்மா முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் றஹ்மா ஒப்பம் வெச்சீங்க?"

"பெரிய சேர் சொன்னாரு டீச்சர். புள்ளைக்கு மூள காணாதாம். பெயிலானா பேரு கெட்டுப்போகுமாம்."

"யாருட பேரு?"

றஹ்மா மறுபடி கருவாட்டைப் பிரட்டினாள். கதவோரத்தில் நின்ற ஷம்லா நிலத்தையே பார்த்தாள்.

"மூள இரிக்கி. பின்னம் தெரியா, அவ்வளவுதான். சொல்லிக்குடுக்க ஆள் இரிக்கல்ல. பாடசாலையால எடுக்க விடாட்டி, தனிப்பட்ட பரீட்சார்த்தியா எடுக்கலாம். விண்ணப்பம் அனுப்ப இன்னும் நாலு நாள் இரிக்கி" என்றாள் நபீலா.

ஆறு வீடுகளிலும் இதையே சொன்னாள். வெள்ளிக்கிழமை ஆறு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கற்பிட்டிக்குக் கூட்டிப்போய், இணைய வசதி இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து விண்ணப்பங்களை அனுப்பினாள். பிறகு மூன்று மாதம், பாடசாலை விட்டபின், பள்ளிவாசலுக்குப் பக்கத்திலிருந்த மதரசாக் கட்டடத்தில் பின்னத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தாள். அதிபர் அந்த வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வார்.

பெறுபேறு வந்தது. பாடசாலையால் தோற்றிய எட்டுப் பேரும் கணிதத்தில் சித்தி. வெளியே தள்ளப்பட்ட ஆறு பேரில் இரண்டு பேர் சித்தி. ஷம்லா சித்தியடையவில்லை.

கோட்டத்திலேயே நூறு வீதம் எடுத்த ஒரே பாடசாலை என்று விழா வைத்தார்கள். வலயத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, வளம் குறைந்த பாடசாலையின் சாதனை என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். வளத்தைக் குறைத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாலையின் பாரத்தில் அதிபர் கதிரையில் சாய்ந்திருந்தார். கேடயத்தை வாங்க நபீலாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"இந்த வகுப்புல பதினாலு புள்ளைகள். சித்தியடைஞ்சது பத்துப் பேர். எழுவத்தொரு வீதம். நாலு வருஷம் டீச்சர் இல்லாத வகுப்புக்கு அது நல்ல வீதம்தான். நான் கணக்கு டீச்சர்; பதினால எட்டு எண்டு எழுத எனக்குத் தெரியா."

கேடயத்தைத் தொடாமல் இறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. அதிகாரி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார். பின்வரிசையில் இருந்த றஹ்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நபீலாவோடு வெளியே நடந்தாள்.

ஆறு கிழமைக்குள் இடமாற்றக் கடிதம் வந்தது. எலுவன்குளத்துப் பக்கம், யானை நடமாடும் காட்டோரம். தண்டனை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதிபருக்கோ பணிமனையில் ஒரு பதவி. நபீலா சாமான்களைக் கட்டிக்கொண்டு போனாள். அழவும் இல்லை, முறையிடவும் இல்லை. அந்த மனிதர்களிடம் போய்க் கெஞ்சுவதைவிட யானைக்குப் பயந்து நடப்பது அவளுக்கு மரியாதையாகப் பட்டது.

ஷம்லாவுக்கு ஒவ்வொரு வெள்ளியும் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வருடம் ஷம்லா மறுபடி எழுதினாள். கணிதத்துக்கு 'எஸ்', சாதாரண சித்தி. செய்தி சொல்ல எடுத்த றஹ்மாவின் விம்மல்தான் முதலில் கேட்டது.

இரண்டு நாள் கழித்து ஹயாத்து முகம்மது அழைத்தார்.

"டீச்சர், சந்தோஷம். நம்மட புள்ளதானே. பழைய மாணவி எண்டு பேஸ்புக்குல போடணும், அவட போட்டோ ஒண்டு அனுப்புறீங்களா?"

"அவ தனிப்பட்ட பரீட்சார்த்தி, சேர்" என்று சொல்லி நபீலா தொலைபேசியை வைத்தாள்.