வாழைநார் கட்டிய எருக்கிலை

என் அம்மா விஜயம் பட்டாம்பூச்சியை மேலிருந்து படம் எடுக்க மாட்டாள். குனிந்து, முடியாவிட்டால் தரையில் உட்கார்ந்து, மூடிய இறக்கையின் அடிப்பக்கத்தைத்தான் எடுப்பாள். விரித்த இறக்கை பார்க்க அழகு. எந்த இனம் என்று பல நேரம் காட்டிக்கொடுப்பது அடிப்பக்கம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டோரச் செடிக்கு அடியில் தலையை விட்டிருக்கும் அவளைக் கரமனையில், மலையாள நகரத்துக்குள் இருக்கும் எங்கள் தமிழ்த் தெருக்காரர்கள் கண்டுகொள்வதில்லை. புதிதாக வாடகைக்கு வந்தவர்கள்தான் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தேட உதவிக்கு வருவார்கள். அவர்களையும் அவள் விடமாட்டாள். இலையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்வாள்.

வேலையில் இருந்த காலம் முழுக்க தம்பானூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்த்தவள். ரத்தத்தில் எதையாவது கண்டால் கண் வைக்கும் குழாயில் போனைப் பொருத்திப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புவாள். ஓய்வு பெற்ற பிறகு அதே போனில் ஒரு சின்ன லென்ஸைக் கவ்வ வைத்துக்கொண்டு செடிகளுக்குப் போனாள். வேலைப் பழக்கம் ஒன்று கூடவே வந்தது. முதலில் கண்ணில் தெரிவதைச் சொல்ல வேண்டும், பெயர் வைப்பது அப்புறம். நான் ஏதாவது பூச்சியைக் காட்டி இது இன்னது என்று ஆரம்பித்தால் காதில் வாங்க மாட்டாள். எத்தனை கால், எங்கே கோடு, எங்கே புள்ளி என்று கேட்பாள்.

அப்பா நான் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஓய்வு பெற்ற சில வருடங்களில் அம்மாவின் சிறுநீரகங்கள் நின்றன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். அவள் செடிகளை விடவில்லை. ஒரு பிளாஸ்கில் ஐஸ் துண்டுகள் போட்டு எடுத்துப் போவாள். வெயிலில் நாக்கு வறண்டால் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. நகரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிக் குழு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை படக் கண்காட்சி வைப்பார்கள். அதில் ஒரு பகுதி, முட்டையிலிருந்து இறக்கை வரைக்கும் ஒரே உயிரின் முழு வாழ்க்கையை அது இருந்த இடத்திலேயே, யாரும் தொடாமல் எடுத்த படங்களுக்கு. டப்பாவில் வளர்த்தது சேராது. அந்தச் சுவரில் எங்கள் தெருவிலிருந்து ஒரு வரிசை மாட்ட வேண்டும் என்று பல வருடம் முயன்றாள். தேர்ந்தெடுத்த உயிர் வெந்தய வரியன். ஆரஞ்சு இறக்கை, கறுப்பு ஓரம். எருக்கில் முட்டை இடும். எங்கள் தெரு முடிவில் ஆற்றுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு எருக்கம் புதர் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் வரிசை நடுவில் அறுந்தது. ஒரு முறை குளவி தூக்கிப் போனது. ஒரு முறை புல் வெட்ட வந்தவர்கள் புதரையும் சேர்த்து வெட்டினார்கள். பயந்துபோய் ஒரு புழுவை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்தாள். அது கூட்டை உடைத்து வெளியே வந்தபோது தொங்க இடம் போதவில்லை. இறக்கை விரியாமல் மடிந்தபடியே காய்ந்தது. பறக்காமல் ஜன்னல் கட்டையில் நடந்துகொண்டே இருந்து செத்தது. அதற்குப் பிறகு டப்பா கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் ரத சப்தமி. சூரியனுக்கான அந்த நாளில் விடியும் நேரம் ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு குளிப்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம். ஏழு ஜென்மத்துப் பாவம் போகும் என்பது நம்பிக்கை. எருக்கை யாரும் வீட்டில் வளர்ப்பதில்லை. ஆற்றங்கரைப் புதர்தான் எல்லாருக்கும். அன்று காலைக்குப் பிறகு அது மொட்டைக் குச்சிகளாக நிற்கும்.

போன தை மாதம் பொங்கல் கழிந்து அந்தப் புதரில் ஓர் இலைக்கு அடியில் முட்டை கண்டாள். படம் எடுத்தாள். புழு வெளியே வந்து முட்டை ஓட்டைத் தின்றதை எடுத்தாள். வளர்ந்த புழு இலை நரம்பைக் கடித்துப் பால் வடியவிட்டு, பால் நின்ற பிறகு தின்றதை எடுத்தாள். ரத சப்தமிக்கு இரண்டு நாள் முன்பு அது ஓர் அகலமான இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழு ஆனது. நிலக்கடலைப் பருப்பு அளவு, வெளிர் பச்சை, ஒரு பக்கம் பொன் புள்ளிகள். இன்னும் ஒரு வாரம் யாரும் தொடாமல் இருந்தால் வரிசை முடிந்துவிடும்.

அம்மா வீடு வீடாகப் போனாள். அந்தப் புதரை விட்டுவிடுங்கள், உங்கள் வீட்டுக்கு இலை நான் கொண்டுவந்து தருகிறேன் என்றாள். எதிர்வீட்டு சரோஜம் மாமி விடவில்லை.

"எங்க பாவம் போறதுக்குன்னு இருக்கற எலை அது. ஒன் புழு தின்னுட்டா பாவமெல்லாம் அதுக்கா போகும்?"

"அது தின்னு முடிச்சாச்சு மாமி. இப்போ தூங்கறது. ஒங்க பாவத்துக்கு நேமத்துலேர்ந்து எலை வரும்."

"நேமத்து எலை என் பாவத்துக்குப் போறுமோ என்னமோ" என்று மாமி சொன்னாளே தவிர, ஒப்புக்கொண்டாள்.

நேமத்தில் ரயில் பாதை ஓரம் எருக்கு நிறைய. ஸ்கூட்டரில் அம்மாவை அழைத்துப் போனேன். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்து, முட்டை இருந்தால் விட்டுவிட்டுப் பறித்தாள். முந்தின நாள் மாலைக்குள் எல்லா வீட்டிலும் இலை கொடுத்தாயிற்று. மூன்றாம் வீட்டு பட்டாபி மாமா வீடு மட்டும் பூட்டியிருந்தது. அவர் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார்.

ரத சப்தமி அன்று பொழுது வெளுக்கும்போது வாசலில் அவர் குரல் கேட்டது. குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட நன்றாக மூத்தவர். இரவு ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். கையில் ஒரு கொத்து எருக்கிலை.

"விஜயம், ஒனக்குப் படி எறங்க முடியாதோன்னோ. பெங்களூர்லயே நெனச்சுண்டேன். நல்ல பெரிய எலையாப் பாத்துப் பறிச்சிருக்கேன்."

அம்மா அந்தக் கொத்தைப் பார்த்தாள். "மாமா, கையை அசைக்காம அப்படியே நில்லுங்கோ."

"என்ன, பாம்பா?"

"பாம்புன்னா நான் இவ்ளோ நிதானமா சொல்லுவேனா."

இரண்டாவது இலைக்கு அடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நசுங்கவில்லை. அவர் காம்புகளைச் சேர்த்துப் பிடித்திருந்ததால் இலைகள் ஒன்றை ஒன்று அழுத்தாமல் விரிந்து நின்றன. அது என்ன என்பதை அம்மா சொன்னாள். மாமாவின் முகம் மாறியது. பசை வைத்து ஒட்டிவிடலாமா என்று கேட்டார். அம்மா அவரைத் திட்டவில்லை. பூஜைக்கு வைத்திருந்த வாழைநாரை என்னை எடுத்து வரச் சொன்னாள்.

மூன்று பேரும் ஆற்றங்கரைக்குப் போனோம். நான் பிடித்துக்கொள்ள அம்மா படி இறங்கினாள். அதே கிளையில் இலையின் காம்பை நாரால் கட்டினாள். அது போதாது என்று நான் தடுத்தேன். என் வேலை கருவிகளை உலோகச் சட்டத்தில் பொருத்தி, அதிர்வைத் தாங்குமா என்று சோதிப்பது. ஒரு முனையில் மட்டும் தொங்கும் இலை வாடும்போது சுருளும். சுருண்டால் உள்ளே இருப்பதை நெருக்கும், இறக்கை விரிய இடம் இருக்காது. நுனியையும் இழுத்துப் பக்கத்துக் கிளையில் கட்டச் சொன்னேன். அம்மா சற்று யோசித்தாள்.

"ஷெரி. நீ படிச்சது வீணாப் போகலை" என்று சொல்லி நுனியைக் கட்டினாள்.

கட்டி முடித்ததும் போனை எடுத்தாள். மாமா நாரை இலைக்குப் பின்னால் மறைக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லி, இரண்டு முடிச்சும் தெரியும்படி படம் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமா வேறு ஓர் இலை பறித்து வருவதாகச் சொன்னார். ஏழில் ஒன்று குறைகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஆறு மதி, அதுவே போறும் மாமா. சூரியன் எண்ணிப் பாக்க மாட்டார்" என்று அம்மா குளிக்கப் போய்விட்டாள்.

இலை வாடியது. பழுப்பாகி, சுருங்கி, ஆனால் சுருளாமல் இழுத்துக் கட்டிய நிலையிலேயே நின்றது. அம்மா தினமும் போய்ப் பார்த்தாள். மாமா அவளுக்கு முன்னாலேயே போய் நிற்பார். அடுத்த வாரம் ஒரு மாலையில் கூட்டின் பச்சை போய் உள்ளே ஆரஞ்சும் கறுப்பும் கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல் தெரிந்தன. மறுநாள் முற்பகலில் வெளியே வந்துவிடும். மறுநாள் காலை அம்மாவுக்கு டயாலிசிஸ்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மதியத்துக்கு மாற்ற மெஷின் காலியாக இல்லை. ஒரு நாள் தள்ளிப்போடலாமா என்று அம்மாவே தன் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, நிரம்ப நேரம் ஆனது. போகலாம் என்று முடிவு செய்தாள். நான் புதருக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். நீ என்னோடு வா என்று சொல்லிவிட்டு மாமாவைக் கூப்பிட்டாள்.

"நீங்க பறிச்சேள். நீங்களே எடுங்கோ."

அவர் பயந்தார். பேரக்குழந்தைகளை எடுத்த படங்களில் பாதி தன் கட்டை விரல்தான் என்றார். அம்மா தன் போனையும் லென்ஸையும் கொடுத்து, எங்கள் வாசல் செம்பருத்தி மொட்டில் பழக்கினாள். எவ்வளவு கிட்டே போக வேண்டும், மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்று காட்டினாள். அவருடைய போன் சட்டைப் பையில் இருக்கட்டும், ஸ்பீக்கர் போட்டுப் பேசலாம் என்று ஏற்பாடு.

மறுநாள் அம்மாவின் இடது கையில் ஊசிகள் ஏறி மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு அழைப்பு வந்தது. என் போனைத் தலையணையில் வைத்தேன்.

"விஜயம், ஓடு பொளந்துடுத்து."

"என்ன தெரியறதுன்னு சொல்லுங்கோ."

"பட்டாம்பூச்சி."

"அது பேரு. என்ன தெரியறது?"

மாமா குனிந்து கிட்டே போகும் மூச்சு கேட்டது. "ஒரு தலை. பெரிய வயிறு. எறக்கை இத்துனூண்டு, பிழிஞ்சு வெச்ச துணி மாதிரி இருக்கு. விஜயம், இது ஊனமா? நான் பறிச்சதுனாலயா?"

"இல்லை மாமா. எல்லாமே அப்படித்தான் வரும். வயித்துல இருக்கற தண்ணியை எறக்கைக்குத் தள்ளும். அடியில ஏதாவது முட்டறதா? தொங்க எடம் இருக்கா?"

"இருக்கு. தாராளமா இருக்கு."

"அப்போ எடுங்கோ. கட்டை வெரலைப் பாத்துக்கோங்கோ."

மெஷின் அம்மாவின் உடம்பிலிருந்து நீரை எடுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் ஸ்மிதா ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். தலை, வயிறு என்று காதில் விழுந்ததில், வீட்டில் யாருக்குப் பிரசவம் என்று மலையாளத்தில் கேட்டாள். அம்மா மலையாளத்தில் விளக்கினாள். ஸ்மிதா போகவில்லை. அடுத்த படுக்கைக்காரர் குரலை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார்.

மாமா விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். துணி நீளுகிறது. ஓரத்தில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. இப்போது முழுசாகத் தொங்குகிறது, மடிப்பு இல்லை. அம்மா மடிப்பு இல்லை என்பதை இரண்டு தரம் சொல்ல வைத்தாள். இறக்கை காய வெகுநேரம் ஆனது. நடுவில் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று நான் பார்த்தேன்.

"போயிடுத்து" என்றார் மாமா.

"பறந்ததை எடுத்தேளா?"

"இல்லை. பாத்துண்டே நின்னுட்டேன்."

"எந்தப் பக்கம் போச்சு?"

"முதல்ல படிக்கட்டுல ஒக்காந்துது. அப்புறம் ஆத்தைத் தாண்டி, அக்கரைக்கு. நன்னாப் பறந்துது, விஜயம்."

அம்மா ஐஸ் கேட்டாள். ஒரு துண்டு கொடுத்தேன்.

சாயங்காலம் போனில் பார்த்தோம். விரல்கள், வானம், நார், மாமாவின் செருப்பு. சில தெளிவாக இருந்தன. ஒன்றில் எல்லாமே இருந்தது. பழுப்பு இலை, இரு முனையிலும் முடிச்சு, காலியான ஓடு, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஈர இறக்கை.

குழுவை நடத்தும் ஜினு வீட்டுக்கு வந்தார். வரிசையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். பிறகு இரண்டு யோசனை சொன்னார். கடைசிப் படங்களில் நாரை வெட்டிவிடலாம். போன் அம்மாவுடையது என்பதால் எல்லாப் படத்துக்கும் அவள் பெயரே போடலாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அப்படிச் செய்தால் அவள் காத்திருந்த சுவருக்கு வரிசை போகும். செய்யாவிட்டால், கை பட்டது என்பதால் பொதுப் பகுதிக்குத்தான் போக முடியும்.

அம்மா அவரோடு மலையாளத்தில் நிதானமாகப் பேசினாள். இலை பறிபட்டது நடந்தது, கட்டியது நடந்தது, எடுத்தவர் பட்டாபி, அப்படியே எழுதுங்கள் என்றாள். ஜினு பொதுப் பகுதி என்று மறுபடி நினைவுபடுத்தினார். தெரியும் என்றாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "நாரை வெட்டினா அந்த எலை ஏன் பழுத்ததுன்னு பாக்கறவாளுக்குத் தெரியாது. அப்புறம் என்ன படம் அது?"

அவள் வருத்தப்பட்டாளா என்று கேட்டால், ஒரு மாலை முழுக்க வருத்தப்பட்டாள். அடுத்த நாள் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் இருந்தாள்.

ஆனி மாதம், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், தூக்கத்தில் இறந்தாள்.

கண்காட்சி ஓணம் கழிந்து நடந்தது. பொதுப் பகுதியில், ஜன்னலுக்குப் பக்கத்தில், வரிசை மாட்டியிருந்தது. முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றின் கீழும் விஜயம், கரமனை. கடைசிப் படத்தின் கீழ் பட்டாபிராமன், கரமனை. நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது கடைசிப் படத்துக்கு முன்னால் மாமா இருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார் என்று ஜினு சொன்னார். ஒரு கல்லூரிப் பெண் படத்தில் நார் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த எலையைப் பறிச்சது நான்தான் மோளே" என்றார் மாமா, தன் மகளிடம் சொல்வதுபோல். சொல்லும்போது நிமிர்ந்து நின்றார். பிறகு, கடைசியிலிருந்து சொன்னால் புரியாது என்று, அவளை முதல் படத்துக்கு அழைத்துப் போனார்.