நிஹால் பாடமான கதை

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் ஷஹீரா ஹல்வானியைத் தெரியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. பகலில் தண்ணீர் வரி அலுவலகத்தில் மனு வாங்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் பதினைந்து வயதுக்காரர்களுக்கு நாவல் எழுதும் வேலை. அவளுடைய நாயகி நிஹால், அப்பாவிடம் புளுகிவிட்டு நைல் நதியில் கடத்தல்காரர்களைத் துரத்துவாள். பத்திரிகைக் கடைகளில் புத்தகம் வந்த வாரமே தீர்ந்துபோகும். "அடுத்த பாகத்துல நிஹாலைக் கொன்னீங்க, உங்க ஆபீசுக்கே வந்துடுவோம்!" என்று மிரட்டி வரும் கடிதங்கள்தான் அவளுக்கு உயிர்.

ஆனால் மனித மனம் இருக்கிறதே! எழுத்தாளர் சங்கத்துப் பெரியவர்கள் அவளைக் கண்டால், "என்னம்மா, பாப்பாக் கதையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்க மாட்டார்கள். நிஹால் பள்ளிப் பாடமானால்தான் இவர்கள் வாயை அடைக்க முடியும் என்று முடிவுகட்டினாள். ஒன்பது வருடம் பாடக்குழுவுக்கு மனுப் போட்டாள். மனு வாங்குகிறவளுக்கு மனுப் போடத் தெரியாதா?

பத்தாம் வருடம் பலித்தது. தெருவுக்கே பஸ்பூசா இனிப்பு கொடுத்தாள். குழு சின்னதாக ஒரு திருத்தம்தான் கேட்டது: நிஹால் புளுகக் கூடாது, அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் துரத்த வேண்டும்.

"கடத்தல்காரன்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்கச் சொல்லேன்," என்றார் கணவர் முனீர். ஷஹீராவுக்குக் கோபம் வந்தது. திருத்தியும் கொடுத்தாள்.

அந்த வருடம் நாடு முழுக்க நிஹால். எதிர்வீட்டில் தனிப்பாடம் எடுக்கும் வாத்தியார் கத்துவார்: "நிஹால் ஏன் ஆத்துல குதிச்சா? மூணு காரணம், மூணு மார்க்கு!" பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள்: "கடமை! துணிவு! நாட்டுப்பற்று!" உண்மையில் அவள் குதித்தது, படகுக்காரப் பையனிடம் கட்டிய பந்தயத்துக்காக. அதை எழுதியவளிடம் யார் கேட்டார்கள்?

கடிதங்கள் குறைந்தன. கடைசியாக வந்ததில் இரண்டே வரி: "அக்கா, நிஹாலை முதல் அத்தியாயத்துலயே கொன்னிருக்கக் கூடாதா? நாங்க தப்பிச்சிருப்போம்." ஷஹீரா சமையலறைக்குள் போய் அழுதாள். வேண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கியதற்கு யாரை நோவது?

தேர்வு மாதத்தில் ஒரு நாள், மெட்ரோவின் பெண்கள் பெட்டியில் சீருடைப் பெண் ஒருத்தி நிஹாலில் மூழ்கிக் கிடந்தாள். உதட்டைக் கடிக்கிறாள், சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள். ஷஹீராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இடித்துப்பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். அட்டைதான் நிஹால். உள்ளே, யாரோ புதியவன் எழுதிய பேய்க்கதை.

பெண் பதறிக் கிசுகிசுத்தாள்: "அத்தை, சொல்லிடாதீங்க! எதிர்ல எங்கம்மா. பாத்தா என்னைக் கொன்னே போட்டுடும்."

எதிர் இருக்கை அம்மாவுக்கு ஏற்கெனவே சந்தேகம். "ஏங்க, பக்கத்துல இருக்கீங்களே, பாடத்தைப் படிக்கிறாளா, சும்மா புரட்டுறாளா?"

ஷஹீரா அட்டையில் இருந்த தன் பெயரை ஒருமுறை பார்த்தாள்.

"இந்தப் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு இவ்வளவு ஆசையாப் படிக்கிற பிள்ளையை, இந்த வருஷம் இப்பதாம்மா பாக்குறேன்," என்றாள்.